சிவப்புக்குப் போகாத கை

என் மாமியார் ஒரு துப்பறிவாளர் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எல்லா மாமியாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். என் அத்தை அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கோடு வருகிறவர்களைப் பிடிக்கும் பிரிவில் காலமெல்லாம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்ற மறு வாரமே வீட்டு முன்னறையில் மேஜை போட்டு வாசலில் போர்டு மாட்டிவிட்டார். அதே வாரம் பார்த்து நான் வேலை செய்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். "அம்மாவுக்கு ஒரு உதவியாள் வேணுமாம்" என்றாள் என் மனைவி. தட்ட முடியுமா?

அன்று மதியம் நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு சோப்புத் தொழிற்சாலையின் கேன்டீனில். எங்கும் எலுமிச்சை வாசனை. தட்டில் எலுமிச்சை, தண்ணீரில் எலுமிச்சை, நாற்காலியில்கூட எலுமிச்சை. எதிரே தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசரம்மா. அப்போதுதான் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"டீ மணி அடிக்கிறதுக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்றார். "டீ மணி அடிக்கிற நேரத்துக்கு மாடியில கையெழுத்து. அதோட என் வேலையும் போயிடும்."

"முதல்ல இருந்து சொல்லுங்க. மாப்ளே, அந்த முறுக்கின முகத்தை விட்டுட்டு கவனிங்க."

நான் முகத்தை முறுக்கவில்லை. பசி. அத்தைக்கு அந்த வித்தியாசம் இன்றுவரை பிடிபடவில்லை.

ஆபீசரம்மா சொன்னது இதுதான். தொழிலாளர்களின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து ஓய்வுகாலத்துக்காகச் சேர்க்கும் பணத்தை ஒரு சேமிப்புக் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. அதன் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. புதுப்பித்தால் இன்னும் பல வருஷத்துக்கு அதே கம்பெனிதான். அதையே வைத்துக்கொள்வதா, வேறு கம்பெனிக்கு மாறுவதா என்று ஊழியர்களையே கேட்டுவிடலாம் என்றார் முதலாளி. கேட்கும் வேலை ஆபீசரம்மாவின் தலையில் விழுந்தது.

"எப்படிக் கேட்டீங்க?"

"அதோ, அந்தப் பெட்டியில."

கேன்டீன் வாசலில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. மேலே இரண்டு பட்டன். பச்சைக்குப் பக்கத்தில் 'இதே கம்பெனி போதும்' என்றும், சிவப்புக்குப் பக்கத்தில் 'வேண்டாம், மாற்றுங்கள்' என்றும் எழுதியிருந்தது. அடையாள அட்டையைக் காட்டி, ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் அன்று சாப்பாட்டு டோக்கன் வெளியே வருமாம். ஒரு அட்டைக்கு ஒரு ஓட்டு. யார் எதை அழுத்தினார்கள் என்று காட்டாது, எந்தப் பிரிவு என்று மட்டும் காட்டும்.

"முடிவு?"

"மாடியில ஆபீஸ் ஆளுங்க நிறைய பேர் சிவப்பு. கீழ லைன்ல வேலை பார்க்கிறவங்கதான் ஜாஸ்தி. அவங்க அத்தனை பேரும் பச்சை. ஒரு சிவப்புகூட இல்ல."

"அதுல என்ன தப்பு? சந்தோஷமா இருக்காங்க போல" என்றேன் நான்.

"தம்பி, அந்தக் கம்பெனியைத் திட்டாம அவங்களுக்குச் சாப்பாடே இறங்காது. அதனாலதான் பெட்டியில ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்குன்னு சங்கத்துல புகார் குடுத்துட்டாங்க. பெட்டியோட சாவி என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. சங்கம் கொந்தளிக்காம இருக்கணும்னா நீங்க ராஜினாமா பண்றதுதான் நல்லதுன்னு முதலாளி சொல்லிட்டார். அந்தக் கம்பெனிகிட்ட நான் காசு வாங்கிட்டேன்னு வராண்டாவுல பேசிக்கிறாங்க. இவ்வளவு வருஷம் இங்க ஒரு பென்சிலைக்கூட நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனதில்ல."

"புகார் குடுத்தது யாரு?"

"சங்கச் செயலாளர்."

"அவருக்கு உங்க மேல ஏதாவது கோபமா?"

ஆபீசரம்மா கைக்குட்டையை மடித்தார். பிரித்தார். "அவர் என் வீட்டுக்காரர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தை மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். துப்பறியும் துறையில் இதுதான் என்னுடைய பணிப்பாதுகாப்பு.

"உன்னைச் சொல்லல, பெட்டியைத்தான் சொல்றேன்னு ஆரம்பிச்சார். சாவி என்கிட்டதானே இருக்குன்னு கேட்டேன். எழுந்து போயிட்டார். அதுல இருந்து வீட்டுல பேச்சே இல்லம்மா. நான் கட்டி வைக்கிற சாப்பாட்டு டப்பாவை மேஜை மேலயே விட்டுட்டுப் போறார். வேலை போனாக்கூடத் தேடிக்கலாம். அவர் நம்பலையேன்னுதான்..." என்று நிறுத்திக்கொண்டார்.

அத்தை எழுந்து பெட்டியிடம் போனார். குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பார்த்தார்.

"மாப்ளே, என்ன தெரியுது?"

"பச்சைப் பட்டன்ல ஒரே எண்ணெய்க் கறை. சிவப்பு கடையில இருந்து இப்பத்தான் வந்த மாதிரி பளபளன்னு இருக்கு."

"அப்போ?"

"கணக்கைத் திருத்தல. நிஜமாவே பச்சையைத்தான் அழுத்தியிருக்காங்க. இல்லன்னா சிவப்பு இடையில வேலை செய்யாம போயிருக்கணும்."

"அழுத்திப் பாருங்க."

வாசலில் எனக்குக் கொடுத்த பார்வையாளர் அட்டையைக் காட்டிவிட்டு, சிவப்புப் பட்டனை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினேன். டப்பென்று நல்ல சத்தம். சிவப்புக் கணக்கில் ஒன்று கூடியது. ஒரு டோக்கனும் வெளியே வந்தது. பசிக்கிற நேரத்தில் நல்ல சகுனம் என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினால், கேன்டீனில் ஈ பறக்கும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

நீலச்சட்டை போட்ட லைன் ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய்க்குப் போன கரண்டிகள் பாதியில் நின்றன. ஒருவர் எழுந்தேவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டார். அங்கே மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. கேட்டதும் மூச்சு விட்டு உட்கார்ந்தார். மறுபடியும் கரண்டிச் சத்தம்.

"பார்த்தீங்களா அத்தை, எல்லார் முகத்துலயும் குற்ற உணர்ச்சி. மொத்தமா விலைபோயிருக்காங்க."

"குற்றம் பண்ணவங்க முகம் வேற மாதிரி இருக்கும் மாப்ளே. இது பயம்" என்றார் அத்தை. "அந்த மனுஷன் எதுக்குச் சுவரைக் கேட்டார்?"

அதற்குள் எங்கள் பின்னால் ஒரு குரல் பொழிய ஆரம்பித்தது. சேமிப்புக் கம்பெனியின் பிரதிநிதி. கோட்டு, டை, வாய் நிறையப் பல். நாங்கள் யார் என்று கேட்காமலே எங்கள் ஓய்வுகாலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். என்னைப் பார்த்து, இவ்வளவு இளமையாக இருக்கிறீர்களே என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சோப்புக் கம்பெனிக்கே வந்து சோப்புப் போடும் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பெட்டி அழகா இருக்கே. எங்க வாங்கினீங்க?" என்றார் அத்தை.

"வாங்கறதா? நம்ம கம்பெனியோட அன்பளிப்பு மேடம். வேற இடத்துல எல்லாம் சாதாரணச் சீட்டுதான் குடுப்போம். இங்க மட்டும் நானே யோசிச்சு செய்யச் சொன்னது. பட்டன்கூட இங்க இருக்கிற மெஷின்ல உள்ள மாதிரியே வேணும்னு தேடிப் போட்டேன். அவங்களுக்கும் ஒரு வீட்டு உணர்வு வரணும் பாருங்க."

"நல்ல மனசு உங்களுக்கு."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க" என்றபடி அவர் மாடிப்படி ஏறினார். ஏறும்போதும் பேசிக்கொண்டே போனார். கூட யாரும் இல்லை.

பக்கத்து மேஜையில் இருந்த நீலச்சட்டைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம், "அமைதி சார் வந்துட்டார்டா" என்றார்.

"யாரு அமைதி?" என்று நான் திரும்பினேன்.

"இப்ப மேல போனாரே, அவர்தான். அவருக்கு நாங்க வச்ச பேரு."

வாய் மூடாத மனுஷனுக்கு அமைதி என்று பேரா? கேலிக்கு வைத்திருப்பார்கள் என்று நான் விட்டுவிட்டேன். அத்தை விடவில்லை. அவர் எதையும் விடுகிறவர் இல்லை, என் சம்பளத்தைத் தவிர.

நாங்கள் மேஜை மேஜையாக உட்கார்ந்தோம். சேமிப்புக் கம்பெனி எப்படி என்று அத்தை கேட்டதும் மடை திறந்தது. ஒருவர் தன் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்க போன் பண்ணினாராம், பாட்டுப் போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லையாம். "இப்ப அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம்மா. பேத்தியைத் தூங்க வைக்கிறதுக்கு அதைத்தான் பாடறேன்." இன்னொருவரின் அண்ணன் ஓய்வு பெற்றுப் பணம் கேட்கப் போனால், நீங்கள் உயிரோடுதான் இருக்கிறீர்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்றார்களாம். நேரிலேயே நிற்கிறேனே என்றாராம். அது போதாது என்றார்களாம்.

"அப்போ சிவப்பைத்தானே அழுத்தினீங்க?" என்று அத்தை கேட்டதும் மடை மூடிக்கொண்டது.

பாட்டு மனப்பாடமானவர் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். அண்ணன் கதை சொன்னவர், அன்றைக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். மூன்றாமவருக்குத் திடீரென்று இருமல். ஒவ்வொருவரும் மற்றவர்கள் பக்கம் கள்ளப் பார்வை பார்த்துக்கொண்டார்கள்.

"அழுத்தினது பச்சை, திட்டறது சிவப்பு. இதுல என் காதுல பூ சுத்தறது யாருன்னே தெரியல" என்றேன்.

"வாங்க, சுவருக்கு அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பார்ப்போம்" என்றார் அத்தை.

சுவருக்கு அந்தப் பக்கம் சோப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோடியில் ஆள் உயரக் கொப்பரையில் அது கூழாகக் கொதித்து, தடித்த குழாய்கள் வழியே வந்து, நீள நீளக் கட்டியாக வெளியே விழுந்து, பட்டை மேல் நகர்ந்து, கத்திக்குக் கீழே போய்த் துண்டாகிக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் அத்தை என்னைத் திட்டினாலும் கேட்காது என்பது ஒரு நிம்மதி. கத்தி மெஷின் பக்கத்தில் ஒரு நீலச்சட்டை அக்கா நின்றிருந்தார். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பச்சைப் பட்டன், காளான் குடை மாதிரி தடித்த ஒரு சிவப்புப் பட்டன்.

"அத்தை, இங்க பாருங்க. பெட்டியில இருக்கிற அதே..." என்று விரலை நீட்டினேன்.

மணிக்கட்டில் இரும்புப் பிடி விழுந்தது. அந்த அக்காதான்.

"கையை மடக்குங்க தம்பி."

"சும்மா காட்டத்தான்..."

"காட்டவும் வேணாம். மடக்குங்க."

மடக்கினேன். அவர் பிடியை உடனே விடவில்லை. சாவகாசமாகத்தான் விட்டார்.

"இதைத் தட்டினா என்னம்மா ஆகும்?" என்றார் அத்தை.

"லைன் மொத்தமும் நின்னுடும். குழாய்க்குள்ள இருக்கிற சோப்பெல்லாம் கல்லாயிடும். அப்புறம் ஷிஃப்ட்ல இருக்கிற அத்தனை பேரும் குழாயைக் கழட்டிப் போட்டு உக்காந்து சுரண்டணும். யாருக்காவது கை மாட்டினாத்தான் இதைத் தொடலாம். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குச் சொல்லித் தர்ற முதல் பாடமே இதுதான். பழகிப் போச்சும்மா. வீட்டுல சிவப்பு ஸ்விட்ச் இருந்தாக்கூட வீட்டுக்காரரைத்தான் போடச் சொல்வேன்."

"பச்சை?"

"அதுக்கு யோசிக்கவே வேணாம். காலையில வந்ததும் தட்டறதுதானே, கை தானாப் போகும்."

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். கேஸ் முடிந்துவிட்டால் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு இன்னும் ஒன்றும் விளங்கவில்லை.

"கேன்டீன் பெட்டியில நீங்க எதை அழுத்தினீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் அத்தை. "ஏன்னும் தெரியும். உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க."

அந்த அக்கா இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதீங்க. சிவப்பை அழுத்தணும்னுதான் போனேன். பின்னாடி பசியோட வரிசை நிக்குது, சீக்கிரம் சீக்கிரம்னு தள்றாங்க. அந்தப் பட்டனைப் பார்த்ததும் கை நின்னுடுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம பச்சையைத் தட்டி டோக்கனை எடுத்துட்டு வந்துட்டேன். மத்தவங்க எல்லாம் சிவப்பு போட்டிருப்பாங்க, நான் ஒருத்தி போடலைன்னா என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன்."

எனக்குத் தலையில் யாரோ குட்டினது போலிருந்தது. ஒருவரும் விலைபோகவில்லை. ஒருவரும் கணக்கைத் திருத்தவில்லை. அத்தனை பேரும் சிவப்பை அழுத்தத்தான் போனார்கள். அத்தனை பேரின் கையும் போகவில்லை. ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் கோழை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். மாடி ஆபீஸ்காரர்களுக்கு இந்தப் பழக்கம் கிடையாது, அதனால் அங்கே சிவப்பு விழுந்தது.

அத்தை அந்த அக்காவின் காதருகே குனிந்து இன்னொரு கேள்வி கேட்டார். பதிலும் காதோடுதான் வந்தது. இரைச்சலில் எனக்கு எட்டவில்லை. அத்தை மட்டும் சிரித்தார்.

"என்ன கேட்டீங்க?"

"ஒரு பேருக்கு அர்த்தம் கேட்டேன். வாங்க, செயலாளரைப் பார்ப்போம்."

செயலாளர் கொப்பரையடியில் நின்றிருந்தார். பெரிய மீசை, பெரிய குரல். எங்களைக் கண்டதும், "அந்தம்மா அனுப்பினாங்களா?" என்றார். பெண்டாட்டியை அந்தம்மா என்று சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

"அவங்க காசு வாங்கியிருப்பாங்கன்னு நிஜமாவே நினைக்கிறீங்களா?" என்றார் அத்தை.

"நான் அப்படிச் சொல்லல. பெட்டியில தப்பு நடந்திருக்கு. அதை நான் எங்க வேணாலும் சொல்வேன். என் ஆளுங்க ஒருத்தன்கூடவா சிவப்பு போடல? நம்ப முடியுதா உங்களால?"

"நீங்க எதைப் போட்டீங்க?"

வால்வைத் திருகிக்கொண்டிருந்த கை நின்றது.

"உங்க ஓட்டு ஒண்ணாவது சிவப்பா இருந்திருந்தா கணக்குல வந்திருக்கணுமே. கீழ ஒரு சிவப்புகூட இல்லன்னு கேட்ட உடனே பெட்டி பொய் சொல்லுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும், இல்ல உண்மை சொல்லுதுன்னு தெரிஞ்சிருக்கணும். எது?"

"எனக்கு வேலை இருக்கு" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மாவுக்கு டீ மணிக்கு அப்புறம் இருக்காது" என்றார் அத்தை. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். எனக்கே சுருக்கென்றது.

மாடியில் முதலாளி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் அமைதி சார், மறு பக்கம் ஆபீசரம்மா. அவர் முன்னால் ராஜினாமாக் கடிதம். நான் வெள்ளைப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போய் மேஜை மேல் வைத்தேன். உதவியாளன் என்றால் சும்மாவா?

அத்தை நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். முதலாளி புருவத்தை உயர்த்தினார்.

"ஒரு பட்டனைப் பார்த்தா பயப்படறாங்களா? வேடிக்கையா இருக்கே."

"நீங்களே சிவப்பை அழுத்திப் பாருங்க சார். கை எப்படி யோசிக்கும்னு தெரியும்."

முதலாளி அழுத்தினார். டப்பென்று, கொஞ்சம்கூட யோசிக்காமல். ஆசை தீராமல் இன்னொரு தடவையும் அழுத்தினார்.

"எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. பாவம், முதலாளி பிறந்ததிலிருந்து லைன் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் இல்லை என்பதை நாங்கள் யோசிக்க மறந்துவிட்டோம்.

அமைதி சார் விழுந்து விழுந்து சிரித்தார். "கதை நல்லா இருக்கு மேடம். ஆனா கீழேயிருந்து ஒருத்தராவது வந்து, நான் பயந்துட்டேன்னு சொல்லட்டுமே?"

"இவருக்கு இது முன்னாடியே தெரியும் சார்" என்றார் அத்தை முதலாளியிடம். "தெரிஞ்சுதான் அந்தப் பட்டனைத் தேடிப் போட்டிருக்கார்."

"எனக்கா? நான் அந்த லைன் பக்கமே போனதில்லையே. மெஷின்னாலே எனக்கு அலர்ஜி."

"ஒருத்தராவது வந்து சொன்னா யோசிக்கலாம்" என்றார் முதலாளி. "யாரும் வரலையே."

யார் வருவார்கள்? கேன்டீனில் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் முதலாளி முன்னால் வந்து நிற்பார்களா? முதலாளி ஒப்பந்தத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஆபீசரம்மா ராஜினாமாவில் கையெழுத்துப் போடக் குனிந்தார். நாங்கள் தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் சத்தம் நின்றது.

நாங்கள் வந்ததிலிருந்து காலுக்கடியில் உறுமிக்கொண்டே இருந்த சத்தம். அது இருக்கிறது என்பதே அது நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலாளியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"லைன் நின்னுடுச்சு" என்றார் ஆபீசரம்மா. அவர் குரலில் உயிரே இல்லை. "யாருக்கோ கை மாட்டிக்கிச்சு."

எல்லோரும் ஓடினோம். முதலாளி எனக்கு முன்னால் ஓடினார். ஆபீசரம்மா அவருக்கும் முன்னால். கீழே பட்டை அசையாமல் கிடந்தது. கட்டிகள் கத்திக்குக் கீழே பாதி அறுபட்டு நின்றன. யார் தட்டியது என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்குப் பின்னால் மூச்சிரைக்க வந்து சேர்ந்த கோட்டுக்காரரைப் பார்த்ததும் கத்தி மெஷின் அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன அமைதி சார், திரும்பவும் நீங்கதானா?"

"திரும்பவுமா?" என்றார் முதலாளி.

"ஆமா சார். போன தடவை வந்தப்போ, இது என்ன அழகா இருக்கேன்னு சிவப்பைத் தட்டிட்டாரே. லைன் மொத்தமும் கப்சிப். நாங்க அத்தனை பேரும் சுரண்டோ சுரண்டுன்னு சுரண்டினோம். அப்ப வச்ச பேருதான் சார் அமைதி."

"அன்னைக்குக் கரண்ட் போச்சுன்னுதானே எனக்குச் சொன்னீங்க?" என்று முதலாளி அங்கே நின்ற லைன் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

"இவர்தான் லைன் பக்கமே வந்ததில்லையே" என்றார் அத்தை. "சிவப்புன்னா இவங்க அத்தனை பேரும் எப்படி நடுங்குவாங்கன்னு அன்னைக்கு இவரைத் திட்டித் திட்டியே பாடம் எடுத்திருக்காங்க. நல்ல மாணவர். பாடத்தை மறக்கல."

முதல் தடவையாக அமைதி சார் தன் பேருக்கு ஏற்ற மாதிரி நின்றார்.

"சரி, இப்ப தட்டினது யாரு? யாருக்கு அடி?" என்றார் முதலாளி.

"யாருக்கும் அடியில்ல. நான்தான்."

கொப்பரையடியில் செயலாளர். அவர் உள்ளங்கை அங்கிருந்த இன்னொரு சிவப்புப் பட்டன் மேலேயே இருந்தது.

"அன்னைக்குப் பெட்டியில அழுத்த வேண்டியது சார். கை போகல. நானும் பச்சையைத்தான் தட்டினேன். செயலாளரா இருந்துக்கிட்டு இதை எப்படி வெளிய சொல்றதுன்னு வெட்கம். நான் ஒருத்தன்தான் இப்படி, மத்தவங்க சிவப்பு போட்டிருப்பாங்க, பெட்டிதான் பொய் சொல்லுதுன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். சாவி யார் கையில இருந்துச்சுன்னு தெரிஞ்சும் புகார் எழுதினேன். பெட்டி பொய் சொல்லல சார். சாவி வச்சிருந்தவங்களும் பொய் சொல்லல." அவர் ஆபீசரம்மாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. "இந்தக் கம்பெனி எங்களுக்கு வேணாம் சார். இப்ப அழுத்திட்டேன்."

பிறகு கத்தி மெஷின் அக்கா, "நானும் பச்சைதான் சார்" என்றார். பாட்டு மனப்பாடமானவர், "நானும்" என்றார். அண்ணன் கதை சொன்னவர் அன்றைக்குத் தன்னிடம் கண்ணாடி இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் நானும் நானும் என்று லைன் முழுக்கச் சத்தம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். நீயுமாடா என்று ஒருவர் மற்றவர் முதுகில் அடித்தார்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "பட்டனெல்லாம் போதும். வேற கம்பெனி வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க."

அத்தனை கையும் மேலே போனது. பழக்கதோஷத்தில் நானும் தூக்கினேன். அத்தை இறக்கிவிட்டார்.

"ஆபீசரம்மா, அந்த ராஜினாமாவைக் கிழிச்சுப் போடுங்க. நான் கேட்டது தப்பு" என்றார் முதலாளி. பிறகு கோட்டுக்காரர் பக்கம் திரும்பி, "நீங்க கிளம்பலாம்" என்று அவர் கம்பெனியைக் கைகழுவிவிட்டார். சோப்புக்குத்தான் அங்கே பஞ்சமில்லையே. "லைனை நிறுத்தினதுக்கு உங்களைப் பாராட்ட முடியாது செயலாளர். குழாயெல்லாம் இந்நேரம் கல்லாயிருக்கும். யாரு சுரண்டறது?"

"நான் ஒருத்தனே சுரண்டறேன் சார்."

ஒருவனே சுரண்டினால் அடுத்த வருஷம்தான் முடியும். டீ மணி அடித்தது. யாரும் டீக்குப் போகவில்லை. ஆளுக்கொரு சுரண்டியை எடுத்துக்கொண்டு குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தார்கள். என் கையிலும் ஒன்றைத் திணித்தார் அத்தை.

"இந்தக் கேஸுக்கு ஓய்வுகாலச் சேமிப்பு ஏதாவது உண்டா அத்தை?" என்றேன்.

"மாப்ளே, முதல்ல வேலை பாருங்க. அப்புறம் ஓய்வு எடுக்கலாம்."

கொப்பரையடியில் செயலாளர் தனியாகக் குந்தி, ஒரு குழாயை மடியில் போட்டுக்கொண்டு சுரண்டிக்கொண்டிருந்தார். ஆபீசரம்மா போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தார். குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவரும் சுரண்டினார். எலுமிச்சை வாசனையுள்ள தூள் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"நாளைக்காவது டப்பாவை எடுத்துட்டுப் போவீங்களா?" என்றார் ஆபீசரம்மா.

அவர் தலை நிமிர்ந்தது. "என்ன கட்டித் தருவே?"

"இத்தனை நாளா நீங்க மேஜையில விட்டுட்டுப் போனதெல்லாம் அப்படியே இருக்கு. அதைத்தான்."

"சரி" என்றார் செயலாளர். கண்ணில் சோப்புத் தூள் பட்டுவிட்டது என்று சொல்லித் துடைத்துக்கொண்டே, மனைவியின் கையிலிருந்த சுரண்டியை வாங்கிக்கொண்டார்.